சூடேறிய தளமும் மழைநீரும்: ஒரு வெப்பக் கணக்கு

கூட்டுறவுச் சங்கங்கள் பலவற்றில் உலர்களமும், கிடங்கின் முற்றமும், பாரவண்டி வந்து திரும்பும் வழியும் சிமெண்டாலோ தாராலோ மூடப்பட்டு வருகின்றன. மண் தரையைவிட இஃது எவ்வளவோ மேலானது என்பதில் ஐயமில்லை. தானியம் தூசி படாமல் உலர்கிறது. வண்டிச் சக்கரம் சேற்றில் புதைவதில்லை. நூல் மூட்டைகளை இறக்கி வைக்க ஈரமற்ற இடம் கிடைக்கிறது. ஆயினும், இத்தகைய வேலைக்கான மதிப்பீட்டைப் புரட்டிப் பார்த்தால், ஜல்லி, மணல், சிமெண்டு, ஆட்கூலி என்னும் இனங்களே அதில் இருக்கும். அந்தத் தளத்தின் மேல் விழும் மழைநீர் எவ்வளவு, அஃது எந்த நிலையில் நம் எல்லையைத் தாண்டுகிறது, யாருடைய நீரில் போய்க் கலக்கிறது என்னும் இனம் பெரும்பாலும் இராது.

நீரின் அளவைப் பற்றியும் அழுக்கைப் பற்றியும் அங்கத்தினர்கள் ஓரளவு அறிவார்கள். அந்நீர் சுமந்து செல்லும் வெப்பத்தைப் பற்றி எண்ணுவோர் சிலரே. நண்பகல் வெயிலில் காய்ந்த தளத்தின் மேல் மாலை மழை பெய்யுமாயின், வடிந்தோடும் நீர் எத்தனை டிகிரி சூடாக இருக்கும்? இதனை மழைக்கு முன்பே கணிக்க இயலுமா? இயலும். அதற்குப் பேரேடு எழுதத் தெரிந்தவரின் பொறுமை இருந்தாற் போதும். தொடக்க இருப்பு, வரவு, பற்று, இறுதி இருப்பு என்னும் நான்கு தலைப்புகளிலேயே இக்கணக்கு முழுவதும் அடங்கிவிடுகிறது. தார், சிமெண்டு, கல் ஆகியவற்றால் மூடிய தரை அனைத்தையும் இக்கட்டுரையில் ‘தளம்’ என்றே குறிப்போம்.

1. இந்த ஆராய்ச்சி எங்கே, ஏன் எழுந்தது?

இக்கணக்கைத் தீவிரமாக ஆராயத் தொடங்கியவர்கள் அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடபகுதியைச் சேர்ந்தவர்கள். மினசோட்டா, விஸ்கான்சின் ஆகிய மாநிலங்களில் நிலத்தடி ஊற்றுகளால் வளர்க்கப்படும் குளிர்ந்த ஓடைகள் பல உள்ளன. அவற்றில் டிரவுட் என்னும் மீன் வாழ்கிறது. இம்மீன் குளிர்ந்த நீரையே நாடும். நீரின் வெப்பநிலை 20 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் செல்லும்போது அதற்கு இடர்ப்பாடு தொடங்குகிறது; 25 டிகிரி அளவில் நெடுநேரம் நீடித்தால் உயிருக்கே கேடு நேரிடுகிறது.

இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தைப் பின்பற்றுவது. நீர் சூடேற ஏற அதன் உடல் வினைகள் விரைவுற்று, மூச்சுக்கு வேண்டிய உயிர்வளியின் தேவை பெருகுகிறது. இரண்டாவது, நீர் சூடேற ஏற அதில் கரைந்து நிற்கக்கூடிய உயிர்வளி குறைகிறது. 10 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 11.3 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 20 டிகிரியில் 9.1 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம் மட்டுமே. செலவு ஏறும் வேளையில் வரவு இறங்குவதைப் போன்றது இது.

நகரங்கள் பரவி, ஓடைக்கரை வரையில் சாலைகளும் வண்டி நிறுத்துமிடங்களும் எழுந்தபோது, கோடை மழை முடிந்தவுடன் ஓடையின் வெப்பநிலை திடீரென ஏறுவதை அங்குள்ளோர் கண்டனர். அந்நாட்டின் தூய நீர்ச் சட்டம் 1972-ஆம் ஆண்டிலேயே வெப்பத்தையும் நீரை மாசுபடுத்தும் பொருள்களின் வரிசையில் சேர்த்துவிட்டது. எனவே, புதிய தளம் அமைப்பதற்கு முன்பே அதனால் விளையும் வெப்பத்தை மதிப்பிடும் முறை தேவைப்பட்டது. விஸ்கான்சின் மாநிலத்தின் டேன் கவுண்டியில் இதற்கென ஒரு கணிப்பு முறை உருவாக்கப்பட்டு, 2003-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் புனித அந்தோணி அருவி ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஹெர்ப், யான்கே, மொசெனி, ஸ்டெஃபான் ஆகியோர் தளத்தின் வெப்பத்தையும் அதன்மேல் ஓடும் மெல்லிய நீர்ப்படலத்தையும் ஒருங்கே கணிக்கும் முறையை வகுத்து, 2008, 2009-ஆம் ஆண்டுகளில் கட்டுரைகளாக வெளியிட்டனர்.

இம்முறைகள் கணிப்பொறியின் துணையால், சில நிமிடங்களுக்கு ஒரு முறை கணக்கைப் புதுப்பித்துச் செல்வன. ஆயினும், அவற்றின் அடிப்படையை ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். அதனையே இனிக் காண்போம்.

2. தொடக்க இருப்பு: தளத்தில் சேர்ந்த வெப்பம்

வெப்பத்தை அளக்கும் அலகு கிலோகலோரி. ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த வேண்டிய வெப்பமே 1 கிலோகலோரி.

மேகமற்ற நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தரையின் மேல் விழும் கதிரவனின் ஆற்றல் ஏறத்தாழ 1 கிலோவாட். அதாவது மணிக்கு 860 கிலோகலோரி. புதிய கருந்தார்த் தளம் இதில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. வெளிறிய சிமெண்டுத் தளம் அதைவிட மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே ஒரே வெயிலில் தார்த் தளம் சிமெண்டுத் தளத்தைவிடச் சூடாகிறது. வெறுங்காலுடன் இரண்டையும் கடந்தவர்க்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.

மேற்பரப்பின் வெப்பநிலை மட்டும் தெரிந்தாற் போதாது. எவ்வளவு ஆழம் வரையில் உள்ள வெப்பம் மழைநீரை வந்தடைய முடியும் என்பதும் தெரிய வேண்டும். தாரும் சிமெண்டுக் கலவையும் ஒரு கன மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஏறத்தாழ 500 கிலோகலோரி வெப்பத்தைத் தாங்குகின்றன. நீர் 1,000 கிலோகலோரியைத் தாங்கும். எனவே 2 சென்டிமீட்டர் தடித்த தளம் 1 சென்டிமீட்டர் நீருக்குச் சமமான வெப்பப் பெட்டி என்று நினைவிற் கொள்ளலாம்.

வெப்பம் கல்லினூடே மெதுவாகவே நகர்கிறது. அரை மணி நேர மழையில் மேலேயுள்ள 3 சென்டிமீட்டர் அளவின் வெப்பமே கணக்கில் வருவதாகக் கொள்ளலாம். காலம் நான்கு மடங்கானால் ஆழம் இரண்டு மடங்காகும். காலம் ஐந்தில் ஒரு பங்கானால் ஆழம் பாதிக்கும் சற்றுக் குறைவாகும். ஆழத்தில் உள்ள வெப்பம் நிலையான வைப்புப் போன்றது. கேட்டவுடன் கைக்கு வராது.

3. வரவு: மழைநீர் எந்த வெப்பநிலையில் வந்து விழுகிறது?

மழை குளிர்ந்தது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கணக்கிற்கு எண் வேண்டும். வானிலிருந்து விழும் துளி, வழியெல்லாம் காற்றோடு வெப்பத்தைப் பரிமாறியும், தன்னில் சிறிது ஆவியாகியும் வருகிறது. ஆகவே அது தரையைத் தொடும்போது, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் நிலையை ஒட்டி இருக்கும். மழை பெய்யும்போது காற்று நீராவியால் ஏறக்குறைய நிறைந்திருப்பதால், அந்நிலை காற்றின் பனிநிலைக்கு அருகில் வந்துவிடுகிறது. எனவே ஆராய்ச்சியாளர்கள் பனிநிலையையே மழைநீரின் வெப்பநிலையாகக் கொள்கின்றனர்.

பனிநிலை என்பது யாது? மெல்லிய பித்தளைச் செம்பில் நீரை ஊற்றி, அதில் பனிக்கட்டியைச் சிறிது சிறிதாக இட்டுக் கலக்குங்கள். செம்பின் வெளிப்புறம் வியர்க்கத் தொடங்கும் நொடியில் உள்ளிருக்கும் நீரின் வெப்பநிலை எதுவோ, அதுவே அப்போதைய பனிநிலை. புழுக்கமான நாளில் இது மிகுதியாகவும், வறண்ட நாளில் குறைவாகவும் இருக்கும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. புழுக்கம் மிகுந்த நாளின் மழை பிறக்கும்போதே வெதுவெதுப்பாக இருக்கிறது. தளம் சிறிதும் சூடேறாதிருந்தாலும் அந்நீர் குளிர்ந்த ஓடையைவிட வெப்பமானதே. மண் தரையாயின் அந்நீரில் ஒரு பகுதியைக் குடித்து, நிலத்தடிக் குளிர்ச்சிக்குள் அனுப்பிவிடும். தளமோ அனைத்தையும் அப்படியே ஓடைக்கு அனுப்பிவிடுகிறது. ஆதலின் தளத்தின் குற்றம் இரண்டு: நீரைச் சூடாக்குவது ஒன்று, நீரை உறிஞ்சவிடாமல் தடுப்பது மற்றொன்று.

4. பற்று: வெப்பம் வெளியேறும் வழிகள்

தளத்தின் வெப்பம் மழைநீருக்குள் மட்டும் செல்வதில்லை. மேகம் கவிந்து காற்று எழுந்தவுடனேயே தளம் ஆறத் தொடங்குகிறது. எனவே மழை விழும் நொடியில் உள்ள வெப்பநிலையையே தொடக்க இருப்பாகக் கொள்ள வேண்டும். நண்பகலின் உச்ச அளவைக் கொண்டால் கணக்கு மிகையாகிவிடும்.

மழை விழுந்தபின் நீரின் ஒரு சிறு பகுதி ஆவியாகிறது. சூடான களத்தின் மேல் முதல் தூறல் விழும்போது எழும் ஆவியைக் காணாத உழவர் இரார். ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 575 கிலோகலோரி வேண்டும். இதனை உள்ளுறை வெப்பம் என்பர். ஆவியான நீரின் அளவு அற்பமானதாயினும் அது கொண்டுபோகும் வெப்பம் அற்பமன்று. இந்தப் பற்றை எழுத மறந்தால் இறுதி இருப்பு தவறாகவே வரும்.

5. செய்முறைக் கணக்கு

ஒரு சிமெண்டுத் தளத்தை எடுத்துக்கொள்வோம். மழை தொடங்கும்போது அதன் மேல் 3 சென்டிமீட்டரின் சராசரி வெப்பநிலை 44 டிகிரி. மழைநீர் 24 டிகிரி. அரை மணி நேரத்தில் பெய்த மழை 10 மில்லிமீட்டர். அதில் ஆவியானது 0.2 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரின் மேல் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது 1 லிட்டர் ஆகும். கணக்கை ஒரு சதுர மீட்டருக்கு எழுதுவோம். மழைநீரின் 24 டிகிரியையே அடிமட்டமாகக் கொள்வோம்.

தளத்தின் கொள்திறன்: 0.03 × 500 = டிகிரிக்கு 15 கிலோகலோரி.
நீரின் கொள்திறன்: 10 லிட்டர் = டிகிரிக்கு 10 கிலோகலோரி.
தொடக்க இருப்பு: 15 × (44 − 24) = 300 கிலோகலோரி.
ஆவியாதலால் பற்று: 0.2 × 575 = 115 கிலோகலோரி.
மீதி: 185 கிலோகலோரி.

இந்த மீதியைத் தளமும் நீரும் தத்தம் கொள்திறனுக்கேற்பப் பகிர்ந்துகொள்கின்றன. இருவர் கொள்திறனும் சேர்ந்து 25. எனவே 185 ÷ 25 = 7.4. மழைநீரின் 24 டிகிரியோடு இதைக் கூட்டினால் 31.4 டிகிரி. வடிந்தோடும் நீரின் சராசரி வெப்பநிலை இதுவேயாகும்.

கணக்கைச் சரிபார்ப்போம். நீர் எடுத்துச் சென்றது 10 × 7.4 = 74; தளத்தில் தங்கியது 15 × 7.4 = 111; ஆவியோடு போனது 115. மூன்றையும் கூட்டினால் 300. தொடக்க இருப்போடு இது பொருந்துகிறது. பேரேடு சமமாயிற்று.

சாயத்தொட்டியில் கொதிநீரையும் தண்ணீரையும் கலந்து பதம் பார்க்கும் நெசவாளர் செய்வதும் இதே கணக்குத்தான். அவர் கையால் உணர்வதை நாம் எண்ணால் எழுதுகிறோம், வேறுபாடு அவ்வளவே.

6. முதல் நீரும் பின்வரும் நீரும்

மேற்கண்டது அரை மணி நேரத்துச் சராசரி. உண்மையில் நீர் முழுவதும் ஒரே நிலையில் ஓடுவதில்லை. முதல் ஆறு நிமிடத்தில் விழும் 2 மில்லிமீட்டரை மட்டும் தனியே கணக்கிடுவோம். காலம் ஐந்தில் ஒரு பங்காகையால், வெப்பம் தரும் ஆழம் 1.34 சென்டிமீட்டர், கொள்திறன் 6.7. தொடக்க இருப்பு 6.7 × 20 = 134. ஆவியாதலிலும் ஐந்தில் ஒரு பங்கைக் கொண்டால் பற்று 23. மீதி 111. இதனை 6.7 உடன் 2 சேர்ந்த 8.7 ஆல் வகுத்தால் 12.8. ஆகவே முதல் நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி. எஞ்சிய 8 மில்லிமீட்டரின் சராசரி 30 டிகிரி அளவிலேயே நிற்கிறது.

அதே முறையில் முதல் 15 நிமிடத்து 5 மில்லிமீட்டரைக் கணக்கிட்டால், அதன் வெப்பநிலை ஏறத்தாழ 34 டிகிரி என வரும். அது தளத்திலிருந்து எடுத்துச் செல்லும் வெப்பம் 49.5 கிலோகலோரி. மொத்தம் 74-இல் இது மூன்றில் இரண்டு பங்கு. நீரில் முதற்பாதி, வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கைச் சுமந்து செல்கிறது. இந்த ஒரு முடிவை அங்கத்தினர்கள் மனத்தில் இருத்த வேண்டும். பரிகாரம் அனைத்தும் இதன்மேலேயே நிற்கின்றன.

இன்னொரு வேறுபாட்டையும் கருத வேண்டும். வெப்பநிலை வேறு, வெப்பத்தின் அளவு வேறு. 2 மில்லிமீட்டரோடு நின்றுவிடும் தூறலின் நீர் 37 டிகிரி இருந்தாலும், சதுர மீட்டருக்கு 26 கிலோகலோரிக்கு மேல் தளத்திலிருந்து எடுப்பதில்லை. அதே தளத்தில் 10 மில்லிமீட்டர் மழையின் நீர் 31.4 டிகிரியே இருந்தாலும் 74 கிலோகலோரியை எடுத்துச் செல்கிறது. வட்டி விகிதத்தை மட்டும் கேட்டு, அசலைக் கேளாமல் கடனை மதிப்பிடுவோர் உண்டோ? அவ்வாறே, வெப்பநிலையோடு நீரின் அளவையும் பெருக்கியே கேட்டை மதிப்பிட வேண்டும். வெயில் மிகுந்த புழுக்கமான நாளின் பிற்பகலில் பெய்யும் நல்ல மழையே மிகுந்த வெப்பத்தை ஏற்றிச் செல்கிறது. விடியற்காலையில் தளம் 27 டிகிரி இருக்கும்போது அதே மழை பெய்தால், ஆவியாதலைக் கணக்கில் சேர்க்காவிடினும் நீர் 25.8 டிகிரியைத் தாண்டுவதில்லை.

7. ஓடையில் கலக்கும்போது

இப்போது தளத்தின் பரப்பு 3,600 சதுர மீட்டர் என்று கொள்வோம். இஃது ஓர் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அரை மணி நேரத்தில் அதன்மேல் விழும் நீர் 36,000 லிட்டர். விநாடிக்கு 20 லிட்டர். தளத்திலிருந்து அது எடுத்துச் செல்லும் வெப்பம் 74 × 3,600 = 2,66,400 கிலோகலோரி. உலர்ந்த விறகு கிலோவுக்கு 3,500 கிலோகலோரி தருவதாகக் கொண்டால், 76 கிலோ விறகை எரித்துப் பெறும் வெப்பத்திற்கு இது சமம். அரை மணி நேரத்தில், ஒருவரும் அடுப்பு மூட்டாமலேயே, அவ்வளவு வெப்பமும் ஓடைக்குள் கொட்டப்படுகிறது.

ஓடையில் விநாடிக்கு 100 லிட்டர் நீர் 18 டிகிரியில் ஓடுவதாகக் கொள்வோம். கலந்தபின் வெப்பநிலை: (100 × 18 + 20 × 31.4) ÷ 120 = 20.2 டிகிரி. முதல் ஆறு நிமிடத்தில் 37 டிகிரி நீர் வருவதால், அப்போது 21 டிகிரியைத் தாண்டிவிடும். மீனுக்கு எல்லையாக வைத்த 20 டிகிரியை ஒரே ஒரு தளம் தாண்டச் செய்துவிடுகிறது. ஓடையின் நெடுகிலும் பத்துத் தளங்கள் இருப்பின் நிலைமை என்னவாகும் என்பதை அங்கத்தினர்களே ஊகித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தளத்தின் உடையவரும் தம்முடையது சிறிது என்றே சொல்வார். ஓடையோ அனைத்தையும் கூட்டியே காண்கிறது.

8. பரிகாரங்கள்

முதலாவது, முதல் நீரை மண்ணுக்குள் செலுத்துதல். 3,600 சதுர மீட்டர் தளத்தின் முதல் 5 மில்லிமீட்டர் நீர் 18 கன மீட்டர் ஆகும். பருங்கல் நிரப்பிய குழியில் ஐந்தில் இரண்டு பங்கு வெற்றிடம் இருக்கும். ஆகவே 45 கன மீட்டர் குழி வேண்டும். 1 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம், 30 மீட்டர் நீளமுள்ள கல் நிரப்பிய வாய்க்கால் தளத்தின் தாழ்ந்த ஓரத்தில் இருந்தால், வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓடையைச் சேராமல் கல்லிலும் மண்ணிலும் அடங்கிவிடும். நீரும் நிலத்தடியில் சேமிப்பாகும்.

இரண்டாவது, நிழல். தளத்தின் மேற்கிலும் தெற்கிலும் மரம் வளர்த்தால் தொடக்க இருப்பே குறைந்துவிடும். நெல் உலர்த்தும் பரப்புக்கு வெயில் வேண்டும்; அதில் ஐயமில்லை. ஆனால் வண்டி நிற்கும் இடத்துக்கு வெயில் எதற்கு?

மூன்றாவது, தேவைக்கு மேல் தளம் போடாதிருத்தல். வழிக்கு நடுவே சக்கரத் தடங்களுக்கு மட்டும் தளமிட்டு, இடையே புல்லை விடலாம். சூடாகாத தளம் எது என்று கேட்டால், போடாத தளமே என்று சொல்ல வேண்டும்.

ஒரு தவறான பரிகாரத்தையும் சுட்டிக் காட்டுவது நலம். வண்டல் படிவதற்காக வெட்டப்படும் திறந்த குட்டை, வெப்பத்தைத் தணிக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அமெரிக்காவின் வட கரோலினாவில், டிரவுட் மீன் வாழும் ஓடைகளை அடுத்து, ஜோன்ஸ், ஹண்ட் ஆகியோர் அளந்து பார்த்தபோது, அத்தகைய குட்டைகள் வெயிலில் காய்ந்து, உள்ளே வந்த நீரைவிடச் சூடான நீரை வெளியே விடுவதைக் கண்டனர். மண்ணும் செடியும் நிரப்பி, நீர் ஊறி வடியும்படி அமைத்த பாத்திகள் நீரைக் குளிர்வித்தன. வண்டலுக்கு ஏற்ற மருந்து வெப்பத்துக்கு நஞ்சாகலாம் என்பதற்கு இது சான்று. குட்டை இன்றியமையாததாயின், அதற்கு நிழல் வேண்டும். நீரை மேலிருந்து விடாமல் அடியிலிருந்து வெளியேற்றவும் வேண்டும்.

9. நம் சங்கங்களுக்கு இதில் என்ன?

நம் சமவெளிக் குளங்களில் வாழும் கெண்டை வகைகள் வெம்மைக்குப் பழகியவை. டிரவுட் மீனுக்கு நேரும் கேடு அவற்றுக்கும் அப்படியே நேரும் என்று கொள்ளலாகாது. ஆனால் நீலகிரியின் நிலைமை வேறு. அங்கே அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் 1907-ஆம் ஆண்டிலேயே அமைக்கப்பட்டது. மலையோடைகளில் அம்மீன் விடப்பட்டது. சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் இயங்குவதும் அம்மலைகளிலேயே. மலைப்பகுதிச் சங்கங்கள் முற்றத்துக்குத் தளமிடும் முன் மேற்சொன்ன கணக்கைத் தம் ஓடையின் அளவோடு ஒரு முறை போட்டுப் பார்ப்பது தக்கது.

சமவெளிச் சங்கங்களுக்கும் இதனால் பயன் உண்டு. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கூரை நீருக்குக் குழி அமைத்த சங்கங்கள் பல, அதனினும் பரந்த முற்றத்து நீரைத் தெருவிலேயே விட்டுவிடுகின்றன. வெப்பத்துக்காக அமைக்கும் கல் வாய்க்கால் கிணற்றுக்கும் நீர் தேடித் தரும். ஒரு செலவில் இரண்டு வரவு.

இங்கு ஓர் எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். சாயப்பட்டறையின் முற்றத்து நீரையும், பூச்சி மருந்தோ உரமோ எண்ணெயோ சிந்தும் இடத்து நீரையும் எக்காரணம் பற்றியும் மண்ணுக்குள் செலுத்தலாகாது. வெப்பம் மண்ணில் தணிந்துவிடும். சாயமும் நஞ்சும் தணியா. அவை கிணற்றில் வந்து நிற்கும். தூய களத்து நீரையும் குடிநீர்க் கிணற்றுக்குத் தொலைவிலேயே இறக்க வேண்டும்.

கணக்கை நம்புவதற்கு முன் அளந்து பார்க்க விரும்பும் சங்கங்கள் ஒரு வெப்பமானியும், நேரான சுவருள்ள தகர டப்பாவும், பதிவேடும் கொண்டே தொடங்கலாம். மழைக்கு முன் தளத்தின் வெப்பநிலை, திறந்த வெளியில் டப்பாவில் பிடித்த மழைநீரின் ஆழம், அந்நீரின் வெப்பநிலை, தளத்தின் வடிகால் வாயில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்த வெப்பநிலை ஆகிய நான்கையும் எழுதிவர வேண்டும். இடி மின்னல் இருக்கும்போது திறந்த களத்தில் எவரும் நிற்கலாகாது. ஒரு பருவத்து மழையைப் பதிந்தால், எந்த ஆழத்தை, எவ்வளவு ஆவியாதலைக் கொண்டால் நம் தளத்துக்குக் கணக்கு பொருந்துகிறது என்பது விளங்கிவிடும். பிறர் வகுத்த முறை நம் கையளவுக்குப் பொருந்துவது அப்போதுதான்.

கூட்டுறவின் முதற்பாடம் என்ன? ஒருவர் ஆதாயத்தின் செலவு, கேளாத மற்றொருவர் தலையில் விழலாகாது என்பதே. தளத்தின் ஆதாயம் நம்முடையது. அதன் மேல் வழிந்த சூட்டைச் சுமப்பவர் கீழ்மடைக்காரர். மழைநீருக்கு வேலியில்லை, ஆனால் கணக்கு உண்டு. அடுத்த முறை களத்துக்கான மதிப்பீடு நிர்வாகக் குழுவின் முன் வரும்போது, ஜல்லிக்கும் சிமெண்டுக்கும் கீழே ‘முதல் நீர் செல்லும் வழி’ என்று ஓர் இனத்தைச் சேர்த்து, அதற்கான தொகையையும் எழுதியபின் ஒப்பமிடுவது முறையாகும்.

படிப்பு வட்டத்துக்கான வினாக்கள்

1. தளத்தின் வெப்பநிலை 44-க்குப் பதில் 38 டிகிரியாகவும், மற்றவை மேற்கூறியபடியும் இருப்பின், வடியும் நீரின் சராசரி வெப்பநிலை என்ன? ஆவியாதலை 0.1 மில்லிமீட்டர் எனக் கொள்க. (விடை: 30.1 டிகிரி.)

2. உங்கள் சங்கத்துத் தளத்தின் நீள அகலங்களை அளந்து, முதல் 5 மில்லிமீட்டர் நீருக்கு எவ்வளவு கல் வாய்க்கால் வேண்டும் எனக் கணக்கிடுக.

3. உங்கள் முற்றத்து நீர் எல்லையைத் தாண்டியபின் யார் யார் நிலத்தைக் கடந்து எந்த நீர்நிலையைச் சேர்கிறது? நேரில் நடந்து பார்த்து, வரைபடமாகக் குறித்து, பொதுக்குழுவில் வைக்கவும்.